கம்பத்தில் கட்டிய துண்டு

“எங்க அப்பா பேரை எழுதிக் கொடுங்க.”

தியாகராசன் ஐயாவிடம் நான் பேசிய முதல் வார்த்தை அதுதான். அதை மட்டும் கேட்டுவிடாதே என்று பஸ் வரும்வரை அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள். “வேலைக்குன்னு கூப்பிட்டிருக்காரு. வேலையைப் பத்திப் பேசு. நெலத்தைப் பத்தி வாயத் தொறக்காத.” நான் திறந்தேன்.

அவர் தூண்டில் ரீலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. “வேலை கேட்டு வந்தியா, வெள்ளாமை கேட்டு வந்தியா?” என்றார். ரீலைத் துடைத்து வைத்துவிட்டு, “உக்காரும்மா, பி.ஏ. படிச்ச பொண்ணு நிக்கலாமா?” என்றார். உட்கார்ந்தேன். அப்படித்தான் அந்த நாற்காலியில் இரண்டு பருவம் உட்கார்ந்தேன்.

நீங்கள் கேட்டது துண்டைப் பற்றி, சார். அதற்குத்தான் வருகிறேன். அதை மட்டும் தனியாகப் பிய்த்து எழுதினால் நான் ஏதோ பைத்தியக்காரி என்று ஆகிவிடும். வாக்குமூலத்தை நானே எழுதுகிறேன் என்று கேட்டதும் அதனால்தான். ஸ்டேஷன் ரைட்டர் எழுதினால் ‘மேற்படியாள்’ என்று போடுவார். என் பேர் அம்சம். மருதையன் மகள். வயது இருபத்து மூன்று. கீழத்தெருவில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான்.

என் அப்பா ஐயாவின் நிலத்தில் ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், குத்தகைக்கு உழுதார். பத்தொன்பது வருஷம். அறுவடையானதும் களத்திலேயே ஐயாவுக்குச் சேர வேண்டிய நெல்லை அளந்து கொடுத்துவிட்டு மிச்சத்தைத் தூக்கிக்கொண்டு வருவார். ரசீது கிடையாது. ரசீது கேட்டவன் மறுவருஷம் களத்தில் இருக்க மாட்டான். பிறகு சட்டம் வந்தது. குத்தகைக்கு உழுகிறவன் பேரைப் பதிவேட்டில் எழுதிவிட்டால் யாரும் இறக்கிவிட முடியாது என்றார்கள். ஐயாவே மேடை ஏறி அந்தச் சட்டத்தைப் பாராட்டினார். அறுபத்தேழு தேர்தல் முடிந்த வாரமே வேட்டிக் கரையை மாற்றிக் கட்டியவர் அவர். கரை மாறியது, வரப்பு மாறவில்லை. அப்பா மனுப் போட்டதும், “மருதையன் என் பண்ணையில கூலிக்கு வேலை செய்யிற ஆளு, குத்தகைக்காரன் இல்ல” என்று எழுதிக் கொடுத்தார்.

அந்த வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே எனக்கு வேலை கொடுத்தார். ஏன் போனாய் என்று கேட்பீர்கள். பட்டம் வாங்கி இரண்டு வருஷம் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் அட்டையைப் புதுப்பித்துக்கொண்டிருந்தேன். எல்லாருக்கும் தெரியும்படி படித்துவிட்டு நடவுக்கும் போக முடியாது, நடவுக்குப் போகாமல் வீட்டில் சாப்பிடவும் முடியாது. வேறு யாரும் கூப்பிடவில்லை. அவர் கூப்பிட்டார்.

முத்துப்பேட்டைக்குத் தெற்கே, கோரையாறு அலையாத்திக் காட்டுக்குள் நுழைகிற இடத்தில் அவருக்கு ஒரு படகுத்துறை இருந்தது. மெட்ராஸிலிருந்தும் திருச்சியிலிருந்தும் பெரிய மனிதர்கள் தூண்டில் போட வருவார்கள். அவர்களுக்கு வாடகைக்குப் படகு விடுவது தொழில். தை முதல் சித்திரைவரை பருவம். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்றுக்குப் படகை ஏற்றிவைத்துவிடுவார்கள். காட்டுக்குள் வாய்க்கால் வாய்க்காலாகப் போய்க் கொடுவா பிடிப்பதை உள்தண்ணி என்பார்கள். அதற்கு வயதானவர்கள், குழந்தை குட்டியோடு வருகிறவர்கள். முகத்துவாரத்தைத் தாண்டி வெளிக் கடலுக்குப் போய் வஞ்சிரமும் பாரையும் பிடிப்பது வெளித்தண்ணி. அதற்கு லாஞ்சு என்கிற மோட்டார் படகு போகும். யார் எந்தப் படகில் போனார்கள், எப்போது போனார்கள், தண்ணீர் எப்போது ஏறும், எப்போது வற்றும், காற்று எங்கிருந்து அடிக்கிறது, இதையெல்லாம் சிலேட்டுப் பலகையில் எழுதிவைப்பது என் வேலை. என் கையெழுத்து நன்றாக இருக்கும். விருந்தாளிகள் பாராட்டுவார்கள்.

பசிக்காமல் மீன் பிடிக்கிறவர்களை நான் அங்கேதான் முதன்முதலில் பார்த்தேன். மீனைத் தொங்கவிட்டுப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவார்கள். மீன் எங்கே போயிற்று என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

லாஞ்சு ஓட்டியவர் ஹபீப் முகம்மது. அந்தத் துறையில் என்னை நிற்கவைத்துப் பேசாத ஒரே ஆள். முதல் நாளே கேட்டார், “தங்கச்சி, நீ படிச்ச படிப்புல கடல் வருமா?”

“பூகோளத்துல வரும் பாய்.”

“அதுல எத்தனை பேரு செத்தாங்கன்னு வருமா?”

“வராது.”

“அப்ப பாதிதான் படிச்சிருக்க. மீதிய நான் சொல்லித்தாரேன், ஃபீஸ் வேணாம்.”

அவர்தான் துண்டைப் பற்றிச் சொன்னார். துறையில் ஒரு சவுக்குக் கம்பம் நட்டிருக்கும். வெளித்தண்ணிக்குப் போகிறவர் தன் தோள் துண்டை அந்தக் கம்பத்தில் கட்டிவிட்டுப் போக வேண்டும். திரும்பி வந்ததும் அவரே அவிழ்த்துக்கொள்ள வேண்டும். அடுத்தவர் தொடக்கூடாது. பெண்டாட்டியும் தொடக்கூடாது. பள்ளிவாசலில் சாயங்காலப் பாங்கு சொல்லும்போது துறைக்காரர்கள் அத்தனை பேரும் கம்பத்தைப் பார்ப்பார்கள். துண்டு இருந்தால் ஒருவன் இன்னும் தண்ணீரில் இருக்கிறான். யாரும் யாரையும் கேட்கமாட்டார்கள். அரிக்கேனை எடுத்துக்கொண்டு வத்தைகளைத் தள்ளிவிடுவார்கள். வத்தை என்பது தட்டையான சின்னப் படகு, முழங்கால் தண்ணீரிலும் போகும். “கடலுக்குள்ள கத்தினா யாருக்குக் கேக்கும்? நமக்குப் பதிலா கரையில துண்டு கத்தும்” என்பார் பாய். வெளித்தண்ணி போன நாளில், திரும்பியதும் லாஞ்சை விருந்தாளிகள் தங்குகிற ஐயாவின் பங்களாப் படித்துறையில் கட்டிவிடுவார். அது ஒரு மைல் தள்ளி இருக்கிறது. ஆகையால் துறையில் லாஞ்சு இல்லாததை யாரும் கவனிக்க மாட்டார்கள். துண்டை அவிழ்க்க மட்டும் பாய் நடந்து வருவார்.

இனி அந்தக் காகிதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

போன தையில் திருத்துறைப்பூண்டியில் குத்தகை விசாரணை நடந்தது. அப்பா கூண்டு மாதிரி ஒரு மரத்தடுப்புக்குள் நின்றார். ஐயாவின் வக்கீல் ஒரு காகிதத்தை எடுத்து அதிகாரியிடம் நீட்டினார். நான் கல்லூரியில் சேரும்போது உதவிப்பணத்துக்குப் போட்ட விண்ணப்பத்தின் நகல். ‘தகப்பனார் தொழில்’ என்று ஓர் இடம் இருக்கும். ‘விவசாயி’ என்று எழுதினால் உதவிப்பணம் கிடைக்காது என்று பள்ளிக்கூடத்து வாத்தியார் சொன்னார். எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் அதையே சொல்லியிருப்பார்கள். நான் ‘பண்ணைக் கூலி’ என்று எழுதினேன். அப்போது பஞ்சாயத்துத் தலைவர் தியாகராசன் ஐயா. ‘மேற்கண்டது உண்மை’ என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஒரு நகலைப் பத்திரமாக வைத்துக்கொண்டார். ஆறு வருஷம்.

வக்கீல் சத்தமாகப் படித்தார். “சொந்த மகளே எழுதியிருக்கிறாள், படித்த பெண்” என்றார். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“நீயா எழுதினே?”

“ஆமாப்பா.”

“படிக்கத்தானே எழுதினே. போவுது போ” என்றார்.

திட்டியிருக்கலாம். இரண்டு அறை கொடுத்திருக்கலாம். போவுது போ என்றார்.

அந்த அதிகாரி நல்லவர் என்றே சொல்ல வேண்டும். நகலை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது, சான்று கொடுத்தவர் நேரில் வந்து உறுதி சொல்ல வேண்டும் என்றார். மார்ச் ஏழு, புதன்கிழமை, காலை பத்து மணி. அன்றைக்கு வராவிட்டால் அந்தக் காகிதத்தைத் தள்ளிவிட்டு, ஊர்க்காரர் சாட்சியை மட்டும் கேட்டுத் தீர்ப்பு எழுதுவேன் என்றார். ஊர்ச் சாட்சி எங்களுக்குத்தான் இருந்தது. அன்று ஐயா வராமல் இருந்தால் ஆறு மா எங்களுக்கு. வந்தால் தெரு. அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. அதனால் வழக்கு சம்பந்தமான கடிதம் எல்லாவற்றையும் என் பேருக்குப் படகுத்துறை விலாசத்துக்கே அனுப்பும்படி எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் வேலைக்குப் போனேன். வேலையை விட்டிருக்கலாமே என்பீர்கள். விட்டால், ‘பாருங்கள், கூலிக்காரன் மகள் என் சோற்றைத் தின்றுவிட்டு ஓடிவிட்டாள்’ என்பார். இருந்தால், ‘பாருங்கள், குடும்பமே என் பண்ணை ஆட்கள்’ என்பார். இரண்டையும் அவர் யோசித்துத்தான் நாற்காலி போட்டிருந்தார். எலிப்பொறியில் கருவாடு வைப்பார்கள், தெரியும் இல்லையா. என் பொறியில் வைத்திருந்தது என் பட்டம்.

மார்ச் ஆறு, செவ்வாய்க்கிழமை. காலை ஏழு மணிக்கு ஐயா வந்தார். கூட ஒரு மெட்ராஸ்காரர், ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு பருவமும் வருவார். வரும்போதெல்லாம் எனக்கு ஒரு பேனா கொண்டுவருவார். வஞ்சிரம் பிடிக்காமல் இந்தமுறை ஊர் திரும்பமாட்டேன் என்று சிரித்துக்கொண்டிருந்தார். மறுநாள் விசாரணையை வைத்துக்கொண்டு ஐயா நிம்மதியாகக் கடலுக்குக் கிளம்பினார். அந்த நிம்மதிதான் எனக்கு எரிந்தது.

பாய் பலகையைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். “ஐயா, இன்னைக்கு உள்தண்ணியோட நிறுத்திக்குவோம். நாலு மணிக்கு முகத்துவாரத்துல தண்ணி வத்த ஆரம்பிச்சிடும். கொஞ்சம் பிந்தினா மணல்ல தட்டி நின்னுருவோம்.”

“நாலுக்குள்ள வந்துருவோம்யா. நீ என்ன பாய், வர வர பொம்பள மாதிரி பயப்படுறே?”

“பயந்தவன்தான் ஐயா இத்தனை வருஷமா துண்டை அவுத்திருக்கான்” என்றார் பாய்.

ஐயா சிரித்தார். பாய் துண்டைக் கட்டினார். பச்சைக் கட்டம் போட்டது, ஓரம் நைந்தது. என்னிடம் வந்து, “நாலரைக்கு மேல நாங்க வரலேன்னா பாங்குக்குக் காத்திருக்காத தங்கச்சி. காத்து வேற சரியில்ல. இராஜாங்கத்துக்கிட்ட சொல்லி வத்தைய எடுக்கச் சொல்லு” என்றார். சரி பாய் என்றேன். இராஜாங்கம் துறையில் மூத்த வத்தைக்காரர்.

பகல் வழக்கம்போலப் போயிற்று. உள்தண்ணிக்கு ஒரு குடும்பம் போய்த் திரும்பியது. தபால்காரர் வந்தார். மூன்று மணிக்குக் காற்று திரும்பிக் கிழக்கிலிருந்து கொண்டல் அடிக்கத் தொடங்கியது. பலகையில் அழகாக எழுதினேன்: கொண்டல், பலம். கொண்டல் அடித்தால் அலை நேராக முகத்துவாரத்து மணல்திட்டில் வந்து உடையும் என்பது எனக்குத் தெரியும். பாய் சொல்லிக் கொடுத்த பாடம்.

நாலு மணி ஆயிற்று. வரவில்லை. நாலரை ஆயிற்று. மணலில் தட்டி நின்றுவிட்டார்கள் என்று புரிந்தது.

நான் நினைத்தது இதுதான். ஓர் இரவு மணல்திட்டில் உட்காரட்டும். கொசு கடிக்கட்டும், குளிரட்டும். அடுத்த தண்ணீர் ஏறும்போது கப்பல் மாதிரி மிதந்து வரட்டும். பொழுது விடிந்து துறைக்கு வந்து, குளித்து, கார் ஏறுவதற்குள் பத்து மணி தாண்டிவிடும். அவ்வளவுதான். என் அப்பா பத்தொன்பது வருஷம் முழங்கால் சேற்றில் நின்றார். ஓர் இரவு இவர் ஈரத்தில் நின்றால் என்ன ஆகும் என்று நினைத்தேன். இது கொலை செய்யும் எண்ணம் இல்லை என்பது உங்களுக்கும் புரியும். ஒருவரைத் தாமதப்படுத்தும் எண்ணம்.

நாலே முக்காலுக்குத் துண்டை அவிழ்த்தேன்.

அதற்குப் பிறகு நடந்தது உங்கள் பைலில் இருக்கிறது. பாங்கு சொன்னார்கள். துறைக்காரர்கள் கம்பத்தைப் பார்த்தார்கள். வெறுங்கம்பம். எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள். ஐயா வீட்டார் அவர் பங்களாவில் விருந்தாளியோடு இருக்கிறார் என்று நினைத்தார்கள். மறுநாள் காலை பத்து மணிக்கு மேல்தான் நண்டு பிடிக்கப் போனவர்கள் உடைந்த பலகையைப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்கள். ஐயாவைத் திட்டில் எடுத்தார்கள். பாயை அலையாத்தி வேர்களுக்கிடையில் எடுத்தார்கள். மெட்ராஸ்காரர் மட்டும் உயிரோடு இருந்தார். லாஞ்சில் ஒரே ஒரு டயர் டியூப்தான் இருந்தது. அதைப் பாய் அவருக்கு மாட்டிவிட்டிருந்தார்.

அவர் ஆஸ்பத்திரியில் கொடுத்த வாக்குமூலத்தை நீங்கள் எனக்குப் படித்துக் காட்டினீர்கள். படிக்காமல் இருந்திருக்கலாம். சூரியன் இறங்கும்போது பாய், “இப்ப பாங்கு சொல்லியிருப்பாங்க, இப்ப துண்டைப் பார்த்திருப்பாங்க, பயப்படாதீங்க” என்றாராம். இருட்டிய பிறகு, “வத்தையத் தள்ளியிருப்பாங்க” என்றாராம். ஐயா அழுதாராம். “துறையில படிச்ச பொண்ணு உக்காந்திருக்கு ஐயா, அது விடாது” என்று பாய் அவரைத் தேற்றினாராம். படகு உடைந்தது விடியற்காலை நாலு மணிக்கு. அதுவரை பாய் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

இராஜாங்கத்தைச் சந்தேகப்பட்டு மூன்று நாள் ஸ்டேஷனில் வைத்திருக்கிறீர்கள். அவரை விட்டுவிடுங்கள். அவர் கம்பத்தைப் பார்த்தார், துண்டு இல்லை, போய்விட்டார். அவ்வளவுதான் அவர் செய்தது.

பாயின் மனைவி ரஹ்மத் பீவியின் வீடு துறைக்கு எதிர்ச் சந்து. வாசலில் நின்றால் கம்பம் தெரியும். உடலைக் கொண்டுவந்த அன்று என் கையைப் பிடித்துக்கொண்டார். “கம்பு காலியா இருந்துச்சே தங்கச்சி. வந்துட்டாருன்னுதானே வெந்நீர் போட்டேன். பங்களாவுல விருந்தாளிக்கு மீன் பொரிச்சுக் குடுத்துட்டு வருவாருன்னு மறுபடி மறுபடி சூடு பண்ணிக்கிட்டே இருந்தேன். துண்ட எவன் எடுத்திருப்பான்?” நான் அவர் கையைத் தட்டிக் கொடுத்தேன். அந்த நேரம் துண்டு என் பைக்குள் இருந்தது.

பாய்க்காக வருத்தப்படுகிறேனா என்று கேட்டீர்கள். வருத்தப்படுகிறேன். ஆனால் நிலம் என்று வந்துவிட்டால் யாராவது ஒருவர் இடையில் அகப்பட்டுக்கொள்ளத்தான் செய்கிறார்கள். எங்கள் பக்கத்தில் அரைப்படி நெல் கூலி அதிகம் கேட்டதற்காகவே உயிரோடு எரிந்துபோனவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு யார் வாக்குமூலம் எழுதினார்கள்? என் அப்பாவின் ஆறு மாவுக்காகச் செய்தேன். எனக்காக எதுவும் செய்துகொள்ளவில்லை. இதை அடிக்கோடு போட்டிருக்கிறேன், கவனியுங்கள்.

அப்பாவிடம் நேற்றுச் சொன்னேன். “இதையும் என் பேரைச் சொல்லித்தான் எழுதுவியா?” என்று கேட்டார். படிக்காதவர். அவருக்குப் புரியவில்லை என்று வைத்துக்கொண்டேன்.

கையெழுத்துப் போடுமுன் ஒன்று பாக்கி. துண்டை ஒப்படைக்கும்போது அதை விரித்துப் பார்ப்பீர்கள். உள்ளே ஒரு தபால் கார்டு இருக்கும். அது எப்படி அங்கே வந்தது என்று நீங்கள் கேட்பதற்குள் நானே எழுதிவிடுகிறேன்.

அன்று நாலே முக்கால். துறையில் யாரும் இல்லை. இராஜாங்கம் டீக்கடையில் இருந்தார், அங்கிருந்து அவர் சிரிப்பு கேட்டது. ஒரு குரல் கொடுத்தால் வந்திருப்பார். முடிச்சு கடல் முடிச்சு, சுலபத்தில் அவிழவில்லை. பல்லால் கடித்து இழுத்தேன். உப்பும் வேர்வையும் நாக்கில் பட்டது. துண்டை ஆபீஸ் மேசையில் போட்டு ஓரம் ஓரமாகச் சேர்த்து நாலாக மடித்தேன். பலகையில் ‘லாஞ்சு’ என்று எழுதிய இடத்துக்கு எதிரே, ‘திரும்பியது’ என்று எழுதினேன். அன்றைக்குக் கையெழுத்து வழக்கத்தைவிட நன்றாக வந்தது.

பிறகு மத்தியானம் தபால்காரர் கொடுத்த கார்டை எடுத்துத் துண்டின் மடிப்புக்குள் செருகினேன். விசாரணை அதிகாரி ஆபீசிலிருந்து வந்தது. மார்ச் ஏழாம் தேதி விசாரணை இருபத்தெட்டாம் தேதிக்கு ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது, வாதி பிரதிவாதி யாரும் புதனன்று வர வேண்டியதில்லை என்று இரண்டே வரி. ஐயாவுக்கு அது முன்தினமே தெரிந்திருக்கும், அதனால்தான் நிம்மதியாகத் தூண்டிலோடு கிளம்பினார். எனக்கு மத்தியானம் இரண்டு மணிக்குத் தெரிந்தது. இரண்டு தடவை படித்தேன்.

பையைத் தோளில் மாட்டினேன். ஆபீசைப் பூட்டினேன். வெறுங்கம்பத்தைச் சுற்றிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன். பாங்குக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.